வீரம்மாள் சுற்றிப்போட்ட தண்ணீர்

வீரம்மாளைப் பற்றி எழுதும் தகுதி எங்கள் தெருவில் யாருக்காவது உண்டென்றால் அது எதிர்வீட்டுச் சத்யப்பிரியாவுக்குத்தான். நல்ல பெண். யாரையும் ஒரு வார்த்தை கடிந்து பேசமாட்டாள். ஆனால் அவளுக்கு நாலு மாதக் கைக்குழந்தை இருக்கிறான், எழுத நேரம் கிடையாது. எனக்கும் கைக்குழந்தைதான். என் மகள் முத்தமிழ் இப்போதெல்லாம் நன்றாகத் தூங்குகிறாள். அவள் தூங்குவதற்குக் காரணமே வீரம்மாள் என்பதால், அந்தத் தூக்க நேரத்தில் நானே எழுதிவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன். உட்கார்ந்திருக்கிறேன் என்பது பழைய பேச்சு. சுவரோடு என்னைக் கட்டிக்கொண்டிருக்கிறேன்.

என் பெயர் ஜெயசுதா. கிராம சுகாதார செவிலியர் வேலை. அரியலூரில் குடியிருக்கிறோம். கணவர் குருமூர்த்தி பெரம்பலூரில் ஒரு மேல்நிலைப் பள்ளியில் பிசிக்ஸ் வாத்தியார். தினமும் கயிற்றைப் பற்றி ஓடும் கயிற்று பஸ்ஸில் போய் வருகிறார். நாலு வருடத்துக்கு முன்னால் ஓர் ஆடி மாதக் காலையில் உலகத்தில் எல்லாவற்றுக்கும் எடை போய்விட்டதே, அன்றோடு இவருடைய பாடப்புத்தகத்தில் பாதி அத்தியாயம் குறைந்துவிட்டது என்று நான் கேலி செய்வேன். எடை ஏன் போனது என்று பலமுறை எனக்கு விளக்கியிருக்கிறார். ஒன்று அவருக்கே தெரியாது, இல்லாவிட்டால் எனக்குப் புரியாது. காற்று ஏன் இன்னும் இங்கேயே இருக்கிறது, ஏரித் தண்ணீர் ஏன் ஊரைவிட்டுப் போகவில்லை என்றெல்லாம் கேட்பதை நான் நிறுத்திவிட்டேன். காற்று இருக்கிறது, ஏரி போகவில்லை, அது போதும்.

எங்கள் கவலைகள் வேறு. காலையில் கண் விழித்ததும் இடுப்புக் கொக்கி மாட்டியிருக்கிறதா என்று தொட்டுப் பார்க்க வேண்டும். முன்பு குழந்தைகளுக்கு அரைஞாண் கட்டுவது ஒரு வழக்கம். இப்போது கிழவர்வரை எல்லோருக்கும் அரைஞாண்தான், அதில் ஒரு கொக்கி, தெருவின் இரண்டு பக்கமும் கயிறு, உயரத்தில் நகராட்சி கட்டிய வலை. அடுப்பில் தீ நீல உருண்டையாக நிற்கும். விசிறாமல் விட்டால் தன் புகையிலேயே மூச்சு முட்டி அணைந்துவிடும். மனிதர் கதையும் அதுதான். தூங்கும்போது முகத்துக்குக் காற்றோட்டம் இல்லையென்றால் விட்ட மூச்சு முகத்தைச் சுற்றியே நின்று தலைவலியைக் கொடுக்கும். அதனால் கரண்ட் போனால் கைக்குழந்தை இருக்கும் வீட்டுக்கு நாலு பேர் விசிறியோடு போய்விடுவது எங்கள் தெருவின் பழக்கம். சோற்றைக் குழைய வேகவைத்து உருட்டித் தின்கிறோம். ரசத்தைப் பையில் அடைத்து உறிஞ்சுகிறோம். சிமெண்டு ஊர் என்பதால் தூசி எங்களுக்குப் பழக்கம். ஆனால் அது இப்போது படிவதே இல்லை. ஜன்னலுக்கு ஜன்னல் ஈரத்துணி தொங்கவிட்டு அதைப் பிடிக்க வேண்டியிருக்கிறது.

இத்தனையும் பழகிப்போயிற்று. பழகாமல் பயமுறுத்தியது ஒன்றுதான், கைக்குழந்தையைக் குளிப்பாட்டுவது. தண்ணீர் இப்போது ஓடுவதில்லை, ஒட்டுகிறது. பெரியவர்கள் முகத்தில் ஒட்டினால் வழித்து எறிந்துவிடுவோம். பிறந்த குழந்தையின் மூக்கில் ஒரு கரண்டித் தண்ணீர் ஒட்டிக்கொண்டால் அது என்ன செய்யும்? முதல் வருடம் அங்கங்கே கேட்கக் கூடாத செய்திகள் வந்தன. உடனே மேலிடத்திலிருந்து சுற்றறிக்கை வந்தது. ஆறு மாதம்வரை குழந்தையைத் தண்ணீரில் குளிப்பாட்டக் கூடாது, ஈரத்துணியால் துடைத்தால் போதும். அதை வீடு வீடாகச் சுவரில் ஒட்டியவள் நான்தான்.

நான் ஒட்டிவிட்டு வெளியே வருவேன், வீரம்மாள் தண்ணீர்ப் பையோடு உள்ளே போவார்.

தா.பழூர்ப் பக்கம் பிறந்தவர். அப்பாவும் அம்மாவும் பிறத்தியார் நிலத்தில் கூலிக்குப் போனவர்கள். பத்து வயதில் நடவுக்கு இறங்கி, களை பறித்து, களத்தில் நெல் தூற்றி, அப்படியே வளர்ந்தவர். சிமெண்டு மூட்டை ஏற்றும் ராசாங்கத்துக்கு வாக்கப்பட்டு அரியலூர் வந்தார். ராசாங்கம் இப்போதும் அதே வேலையில்தான் இருக்கிறார், ஆனால் ஏற்றுவதில்லை, நிறுத்துகிறார். எடை போன பிறகு இருபது மூட்டையை ஒரு விரலால் தள்ளிவிடலாம். அது வந்து சேருமிடத்தில் சுவரை இடிக்காமல் நிறுத்துவதற்குத்தான் ஆள் வேண்டும். ராசாங்கம் மாதிரி நிறுத்துகிறவர் இந்தச் சுற்றுவட்டாரத்தில் இல்லை என்று வீரம்மாள் சொல்வார். வீட்டில் தன்னை நிறுத்துகிறவர் வீரம்மாள் என்று ராசாங்கம் சொல்வார்.

குழந்தை குளிப்பாட்டும் வேலைக்கு அவர் தேடிப் போகவில்லை. பக்கத்து வீட்டில் இரட்டைக் குழந்தை பிறந்து, அம்மாக்காரி ஒருத்தியால் முடியாமல் கூப்பிட்டார்கள். அந்தக் கை பட்டால் குழந்தை அழுவதில்லை என்று பேர் பரவி, தெருத்தெருவாகக் கூப்பிட ஆரம்பித்தார்கள். முன்பு சில வீடுகளில் அவரைப் பின்வாசல் வழியாகத்தான் வரச் சொல்வார்கள். எங்கள் மாமியார் உயிரோடு இருந்திருந்தால் எங்கள் வீடும் அதில் சேர்ந்திருக்கும், மறைப்பதற்கு ஒன்றுமில்லை. இப்போது ஜன்னல், மாடி, வாசல் என்று எல்லோரும் எல்லா வழியாகவும் வந்து போகிறோம். பின்வாசல் எது என்றே பாதிப் பேருக்கு மறந்துவிட்டது.

அவர் குளிப்பாட்டுவதைச் சொல்கிறேன். முதலில் தூணோடு தன் இடுப்பைக் கட்டிக்கொள்வார். எதிர்ச்சுவரில் அடித்த வளையங்களில் பாதங்களை நுழைத்துக் காலை நீட்டுவார். நீட்டிய காலில் குழந்தையைக் கிடத்தி, பழைய வேட்டியில் கிழித்த பட்டையால் மார்புக்குக் குறுக்கே தளர்வாக ஒரு கட்டுப் போடுவார். ஃபேன் காற்று குழந்தையின் தலைப்பக்கமிருந்து கால்பக்கமாக வர வேண்டும். இந்த ஒன்றில் மட்டும் யாருக்கும் விட்டுக்கொடுக்க மாட்டார். ஃபேன் திசை மாறியிருந்தால் தண்ணீர்ப் பையின் வாயைத் திறக்கவே மாட்டார். காற்றைப் பார்த்து நெல் தூற்றியவர் அவர். பதர் எந்தப் பக்கம் போகும் என்று தெரிந்தவருக்குத் தண்ணீர் எந்தப் பக்கம் போகும் என்று நான் சொல்லித் தரவா முடியும்?

குழந்தையின் கழுத்தைச் சுற்றி ஒரு பருத்தித் துணிச் சுருள், புருவத்துக்கு மேல் இன்னொன்று. தண்ணீர் ஏறி வந்தால் அவை குடித்துக்கொள்ளும். பிறகு பையைப் பிதுக்குவார். வெந்நீர் அவர் கையில் உறை மாதிரி ஏறி மூடும். அந்தக் கையால் மார்பு, வயிறு, தொடை என்று தடவத் தடவ, தண்ணீர் கையைவிட்டுக் குழந்தைக்கு மாறி, ஒரு விரல் கனத்துக்கு நடுங்கிக்கொண்டு நிற்கும். பயத்தமாவைக் குழைத்து மடிப்பு மடிப்பாகத் தேய்ப்பார். கடைசியில் உள்ளங்கை ஓரத்தால் கழுத்திலிருந்து வழித்துக்கொண்டே போய், அழுக்குத் தண்ணீர் முழுவதையும் பாதத்தில் ஒரே உருண்டையாகச் சேர்த்துத் துண்டில் வாங்கிக்கொள்வார். ஒரு சொட்டு சிதறாது.

அதற்குப் பிறகும் ஒன்று பாக்கி இருக்கும். கை நிறையச் சுத்தமான தண்ணீர் எடுத்துக் குழந்தையின் முகத்தை மூன்று முறை சுற்றுவார். "தெருக் கண்ணு, தெரிஞ்ச கண்ணு, எங் கண்ணும் சேந்து போவட்டும்" என்று முணுமுணுப்பார். எடை இருந்த காலத்தில் கையைக் கவிழ்த்தால் அந்தத் தண்ணீர் மண்ணில் விழுந்து ஊறிவிடும், குழந்தைமேல் பட்ட கண்ணும் அதோடு போயிற்று என்று அம்மாக்களுக்கு நிம்மதி. சுற்றிய தண்ணீர் யார்மேலும் படக் கூடாது, பட்டால் அது அவர்களுக்குப் போய்விடும் என்பது நம்பிக்கை. சுற்றுகிற கைக்கு மட்டும் விலக்கு. இப்போது கையைக் கவிழ்த்தால் தண்ணீர் கையிலேயே இருக்கிறது. அதனால் அவர் வாசலுக்கு வந்து ஓங்கி உதறுவார். எலுமிச்சம்பழ அளவுக்கு உருண்டையாகப் புறப்பட்டு, வலையைத் தாண்டி எங்கேயோ போய்விடும்.

"அது எங்க போய்ச் சேரும்மா?" என்று ஒருமுறை கேட்டேன்.

"ஆளில்லாத பக்கமா பாத்துதாங்க உதறுவேன்" என்றார்.

எனக்கும் அவருக்கும் மூன்று வருடம் சண்டை நடந்தது. "ஏம்மா வீரம்மா, ஒனக்கு எத்தன தடவ சொல்றது? குளிப்பாட்டக் கூடாதுன்னு கவர்மெண்டே எழுதி ஒட்டியிருக்கு" என்பேன். "அந்தச் சொவத்துல ஒட்டியிருக்குங்க நர்சம்மா. நான் இந்தப் பக்கத்து சொவத்துலதான வேல பாக்கறேன்" என்று சிரிக்காமல் சொல்வார். என்னால் மேற்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது, ஏனென்றால் அவர் கையில் எந்தக் குழந்தைக்கும் எதுவும் ஆனதில்லை.

பிறகு எனக்கே முத்தமிழ் பிறந்தாள், கல்யாணமாகி ஏழு வருடம் கழித்து. சுற்றறிக்கை ஒட்டிய கை, வேறென்ன செய்யும், ஈரத்துணியால் துடைத்துக்கொண்டே இருந்தது. அக்குளிலும் தொடை மடிப்பிலும் தோல் சிவந்து போனது. பவுடர் போட்டால் பவுடர் காற்றில் நின்றது. குழந்தை அரைமணி நேரத்துக்கு மேல் தூங்கவில்லை. எதிர்வீட்டில் சத்யப்பிரியாவின் மகன் குளித்துவிட்டு மத்தியானம் முழுவதும் தூங்குவான். எனக்கு வயிறு எரியும். ஆனாலும் வீரம்மாளைக் கூப்பிட மனம் வரவில்லை, மூன்று வருடம் பேசிய பேச்சு அப்படி.

பங்குனி மாதம், முத்தமிழுக்கு நாற்பத்தைந்தாம் நாள். காலையில் தடுப்பூசி போட்டுக்கொண்டு வந்தோம். ஊசி போட்டது என்னோடு வேலை பார்க்கும் கவிதா. சொட்டு மருந்தையும் சின்னக் குழாயில் எடுத்துக் கன்னத்துக்குள் வைத்து அழுத்தினாள். "சாயங்காலம் காய்ச்சல் வரும்க்கா, பயந்துராதீங்க" என்றாள். "எங்கிட்டயேவா?" என்று சிரித்தேன். பன்னிரண்டு வருடமாக நான் எல்லா அம்மாக்களிடமும் சொல்லும் வாக்கியம் அது.

மத்தியானம் ஜன்னலோரம் குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தேன். காற்று வேண்டும் என்று ஈரத்துணியை ஒதுக்கி வைத்திருந்தேன். எதிர்வாசலில் வீரம்மாள் வழக்கம்போலத் தண்ணீரை உதறினார். அதே நேரம் கயிற்று பஸ் தெருவைக் கடந்தது. அது கிளப்பிய காற்றில் அந்த உருண்டை பாதி வழியில் திரும்பி, நேராக எங்கள் ஜன்னலுக்குள் வந்து, முத்தமிழின் உச்சந்தலையில் பட்டு உடைந்தது.

நான் அலறிக்கொண்டு வழித்தெடுத்தேன். மூக்குக்கு ஓர் அங்குலம் தள்ளி ஒரு நீர்மணி நின்றது. வீரம்மாள் அங்கிருந்தே ஒரே உதையில் தெருவைத் தாண்டி வந்து ஜன்னலைப் பிடித்துக்கொண்டார்.

"வண்டி போன காத்து இழுத்துடுச்சுங்க நர்சம்மா. புள்ளைக்கு மூக்குல ஒண்ணும் படலியே?"

"நீ மொதல்ல போ இங்கேருந்து" என்றேன். அதுவரை என் கோபத்தில் நியாயம் இருந்தது.

சாயங்காலம் குழந்தைக்கு உடம்பு சுட்டது. தெர்மாமீட்டர் வைத்துப் பார்த்தால் நூற்றியொன்று. பன்னிரண்டு வருட அனுபவமும் படித்த படிப்பும் எந்தப் பக்கம் போயினவோ தெரியவில்லை. குழந்தையை நெஞ்சோடு கட்டிக்கொண்டு வாசலுக்கு வந்து, தெருவே கேட்கக் கத்தினேன். "காலையில நல்லாத்தான் இருந்துச்சு. கண்ணு கழிச்ச தண்ணிய எம்புள்ள தலையில போட்டுட்டா. ஊராம் புள்ளைங்க கண்ணெல்லாம் இப்ப எம்புள்ளைக்கு வந்துடுச்சு." கதவுகள் திறந்தன. கயிற்றில் வரிசையாகத் தலைகள். கடைசித் தலையாக, வேலை முடிந்து வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்த வீரம்மாளும் இருந்தார். கயிற்றைப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்.

பெரம்பலூரிலிருந்து வந்த குருமூர்த்தி எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "நீ நர்சுதான?" என்றார்.

"இப்ப நான் அம்மா" என்றேன்.

மறுநாள் காலையில் காய்ச்சல் இல்லை. துணி மாற்றும்போது முத்தமிழின் வலது தொடையில் சின்னதாக ஒரு வீக்கம் கையில் தட்டுப்பட்டது. ஊசி போட்ட இடம். கவிதா சொன்னது, நான் சிரித்தது, எல்லாம் வரிசையாக வந்து நின்றன. குருமூர்த்தியிடம் சொன்னேன். சிரித்த சிரிப்பில் அவருடைய கொக்கி கழன்று தலை உத்தரத்தில் முட்டியது. தலையைத் தேய்த்துக்கொண்டே, "இன்னைக்கே போய்ச் சொல்லிடு" என்றார்.

"சொல்றேன்" என்றேன்.

பத்து நாள் சொல்லவில்லை. இதற்குச் சமாதானம் எதுவும் என்னிடம் இல்லை, வெட்கம் ஒன்றுதான் காரணம். ஊசிக் காய்ச்சலைக் கண்ணேறு என்று தெருவில் கத்திய செவிலியர் நாளைக்கு எந்த வீட்டுக்குப் போய் என்ன சொல்ல முடியும்? கொஞ்ச நாள் போனால் எல்லோரும் மறந்துவிடுவார்கள் என்று நினைத்தேன். வீரம்மாள் எங்கள் தெருப் பக்கமே வரவில்லை. கோபமாக இருக்கும், கோபம் ஆறினால் வருவார் என்று அதையும் எனக்குச் சௌகரியமாக நினைத்துக்கொண்டேன்.

பதினோராம் நாள் சத்யப்பிரியா மகனை முதுகில் கட்டிக்கொண்டு வந்தாள். அவன் அழுதுகொண்டிருந்தான். அவனுக்கும் மடிப்பெல்லாம் சிவந்திருந்தது.

"வீரம்மாவ மூணு தடவ போய்க் கூப்புட்டேங்க்கா. வரமாட்டேன்னுட்டாங்க."

"ஏனாம்?"

"ஒண்ணும் சொல்லல. ஆண்டிமடத்துக்கு முந்திரிக்கொட்ட ஒடைக்கப் போறாங்களாம்."

முந்திரிக்கொட்டையை உடைத்தால் ஓட்டிலிருந்து எண்ணெய் தெறிக்கும். பட்ட இடம் வெந்துவிடும். எடை இருந்த காலத்தில் பாதியாவது கீழே போகும். இப்போது மணி மணியாகக் காற்றில் நின்று கையைத் தேடிவந்து ஒட்டும். குழந்தைகளைத் தொடும் கைக்கு ஆகிற வேலையா அது?

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. முத்தமிழை நெஞ்சோடு கட்டிக்கொண்டு, தடுப்பூசி அட்டையை எடுத்துக்கொண்டு, ஊர் எல்லையில் இருக்கும் அவர் வீட்டுக்குப் போனேன். ராசாங்கம் வாசலில் ஒரு கயிற்றை முடிந்துகொண்டிருந்தார். "வாங்க நர்சம்மா" என்றார், முகத்தில் சிரிப்பில்லை. வீரம்மாள் உள்ளிருந்து வந்தார். என்னைப் பார்ப்பதற்கு முன் குழந்தையைத்தான் பார்த்தார். முழங்கைவரை இரண்டு கையும் கறுத்து, விரல் நுனிகளில் தோல் உரிந்து புண்ணாகியிருந்தது.

அட்டையை நீட்டினேன்.

"எனக்கு எழுத்து தெரியாதுங்க. என்ன போட்டிருக்குன்னு நீங்களே சொல்லுங்க" என்றார்.

வாயால் சொல்லாமல் தப்பித்துவிடலாம் என்று நினைத்த எனக்கு அது தேவைதான். சொன்னேன். அன்று காலையில் ஊசி போட்டது, காய்ச்சல் வரும் என்று கவிதா சொன்னது, நான் மறந்தது, மறுநாளே தெரிந்தது, தெரிந்தும் வாயைத் திறக்காமல் இருந்தது, ஒன்று விடாமல் சொன்னேன்.

"அப்ப அது எந் தண்ணியால வந்த காய்ச்சல் இல்லீங்களா?"

"இல்ல."

"நெசமாவா?"

"நெசமாத்தான். ஊசி போட்டா எல்லாப் புள்ளைக்கும் வர்றதுதான்."

வீரம்மாளின் கண்ணில் தண்ணீர் வந்தது. இப்போதெல்லாம் கண்ணீர் வழிவதில்லை. கண்மேலேயே திரண்டு நிற்கும், துடைத்து எடுத்தால்தான் போகும். புண்பட்ட கையால் அவரால் துடைக்க முடியவில்லை. நான் என் முந்தானையை எடுத்து ஒற்றி எடுத்தேன்.

ராசாங்கம்தான் பேசினார். "பத்து நாளா உப்பில்லாத சோறு தின்னுட்டுக் கெடக்கறா. ஒங்க புள்ள நல்லாவணும்னு மாரியாத்தாவுக்கு வேண்டிக்கிட்டு. எங் கையால ஒரு புள்ளைக்கு ஆவாமப் போச்சு, இனிமே எந்தப் புள்ளையையும் தொடமாட்டேன்னு சொல்லிட்டா. நான் சொன்னா கேக்கறாளா?"

வீரம்மாள் என்மேல் கோபமாக இருக்கிறார் என்று நான் நினைத்திருந்தேன். அவர் என்னை நம்பியிருக்கிறார். நான் கத்தியதைத் தெருக்காரர்கள் நம்பவில்லை, வீரம்மாள் நம்பிவிட்டார். அந்தக் கைகளைப் பார்க்கப் பார்க்க எனக்கு அழுகை வந்தது. என் வெட்கத்தைக் காப்பாற்றிக்கொள்ள நான் எடுத்துக்கொண்ட ஒவ்வொரு நாளும் அந்தப் புண்களில் இருந்தது.

"பத்து நாளுங்க நர்சம்மா" என்றார் வீரம்மாள். அதற்கு மேல் அவர் என்னைத் திட்டவில்லை.

"தெருவுல கத்துனேன். தெருவுலயே சொல்லிடறேங்க்கா" என்றேன்.

திங்கட்கிழமை காலை எட்டு மணிக்குக் கயிற்று பஸ் எங்கள் தெருவில் நிற்கும்போது, கூட்டம் இருக்கும் நேரமாகப் பார்த்து, கயிற்றில் கொக்கியை மாட்டிக்கொண்டு சொன்னேன். எம்புள்ளைக்கு வந்தது ஊசிக் காய்ச்சல், வீரம்மாக்கா தண்ணிக்கும் அதுக்கும் சம்பந்தமில்ல, கத்துனது என் தப்பு. பிறகு பஸ் கூரையோரம் தொற்றிக்கொண்டிருந்த ஒருவர், "அப்ப நர்சம்மாவுக்குத்தான் ஒரு ஊசி போடணும்" என்றார். பஸ் முழுவதும் சிரித்தது. குருமூர்த்தியும் அந்த பஸ்ஸில்தான் இருந்தார், எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தவர் அவர். வீட்டுக்கு வரட்டும் என்று விட்டுவிட்டேன்.

வீரம்மாளின் கை ஆறப் பதினைந்து நாள் ஆனது. நானே தினமும் போய் மருந்து போட்டுக் கட்டினேன். அந்தப் பதினைந்து நாளில் அவர் எப்படிக் குளிப்பாட்டுகிறார் என்று கேட்டுக் கேட்டு ஒரு நோட்டில் எழுதிக்கொண்டேன். இந்த முறையை வந்து பாருங்கள் என்று மேலிடத்துக்கும் எழுதிப் போட்டிருக்கிறேன். பதில் இன்னும் வரவில்லை.

கை ஆறியதும் முதல் குளியல் எங்கள் வீட்டில். முன்வாசல் வழியாக வந்தார். தூணில் கட்டிக்கொண்டு காலை நீட்டினார். தண்ணீர்ப் பையைக் கையில் எடுத்தவர் அதை மூடியபடியே வைத்துக்கொண்டார்.

"என்னக்கா?"

"ஃபேன் பக்கவாட்டுல அடிக்குதுங்க."

திருப்பி வைத்தேன். என் பங்குக்கு ஒரே ஒரு நிபந்தனை போட்டேன். சளி உறிஞ்சுகிற ரப்பர் குமிழ் ஒன்று எப்போதும் அவர் கைக்கு எட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். அதை வாங்கி மூக்குப் பக்கம் பிடித்து அழுத்திப் பார்த்துவிட்டு, "இது நல்ல சாமானா இருக்கே" என்று இடுப்பில் செருகிக்கொண்டார். எதிர்வீட்டிலிருந்து சத்யப்பிரியாவும் மகனோடு வந்து உத்தரத்தைப் பிடித்துக்கொண்டு பார்த்தாள்.

தண்ணீர் உடம்பில் ஏறியதும் முத்தமிழ் ஒரு கணம் திகைத்தாள். பிறகு காலை உதைத்துச் சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்தது அதுதான் முதல்முறை. மடிப்பு மடிப்பாகத் தேய்த்து, வழித்து, துண்டில் வாங்கி, துவட்டி முடித்தார். கடைசியில் கை நிறையத் தண்ணீர் எடுத்து மூன்று சுற்றுச் சுற்றினார். தெருக் கண்ணு, தெரிஞ்ச கண்ணு, எங் கண்ணும் சேந்து போவட்டும்.

சுற்றிய கை அப்படியே நின்றுவிட்டது. வாசலைப் பார்த்தார். ஜன்னலைப் பார்த்தார். எந்தப் பக்கம் உதறினாலும் அங்கே யாரோ ஒருவரின் வீடு இருந்தது. தண்ணீர் அவர் உள்ளங்கையில் நடுங்கிக்கொண்டே இருந்தது. உதறவும் பயம், உதறாமல் விடவும் மனமில்லை. சத்யப்பிரியா என்னைப் பார்த்தாள்.

கண்ணேறு என்று ஒன்று உண்டா என்று யாராவது கேட்டால் இல்லை என்றுதான் இன்றும் சொல்வேன். ஆனால் அந்தக் கை நின்ற இடத்தில் அதை நிறுத்தியவள் நான். என் கையை நீட்டி வீரம்மாளின் உள்ளங்கையோடு சேர்த்து வைத்தேன். வெதுவெதுப்பான தண்ணீர் அவர் விரல்களை விட்டு என் விரல்களில் ஏறி, மணிக்கட்டைச் சுற்றி வந்து நின்றது. அவர் கை காலியானது.

"என்னங்க நர்சம்மா இது. உங்களுக்கு எதாவது ஆயிட்டா?"

"எம்புள்ள மேல பட்ட கண்ணுதானக்கா. எனக்கே இருக்கட்டும்."

வீரம்மாள் என்னை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு தன் தோளில் இருந்த துண்டை எடுத்து, சத்யப்பிரியாவிடம் கையை நீட்டி, "ஒம் புள்ளையைக் குடு, வெந்நி ஆறறதுக்குள்ள அவனையும் முடிச்சுடறேன்" என்றார். அவனுக்குச் சுற்றிய தண்ணீரை அவள் தன் கையில் வாங்கிக்கொண்டாள். இப்போது எங்கள் தெருவில் எல்லா அம்மாக்களும் அப்படித்தான் வாங்கிக்கொள்கிறோம். முத்தமிழ் அன்று நாலு மணி நேரம் தூங்கினாள்.